ஃபூன் தீவின் கோட்டைகளையும் பண்ணை மாளிகைகளையும் பார்த்து வருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

டென்மார்க்கின் நடுவில், யூலாண்ட் தீபகற்பத்துக்கும் சீலாண்ட் தீவுக்கும் இடையே உள்ள ஃபூன் தீவிலும், அதன் தெற்கே பாலங்களால் இணைக்கப்பட்டிருக்கும் டோசிங்கே, லாங்கெலாண்ட் தீவுகளிலும் நூற்றுக்கும் மேற்பட்ட கோட்டைகளும் பண்ணை மாளிகைகளும் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அருங்காட்சியகங்கள் அல்ல. உரிமையாளரின் குடும்பம் இன்றும் குடியிருக்கும் வீடுகள் அவை. சுற்றியுள்ள நிலத்தில் உழவும் அறுவடையும் மர வியாபாரமும் வழக்கம்போல் நடந்துகொண்டிருக்கும். இதை மனத்தில் வாங்கிக்கொள்ளாமல் புறப்படுகிறவர்கள்தான் பூட்டிய வாயிலின் முன் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

புதிதாக வருகிறவர்கள் பொதுவாக அழகான படத்தைப் பார்த்து மாளிகையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு தங்குமிடம், அதன் பிறகு தேதி, கடைசியில் பேருந்து என்று போகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். எந்த வாயில் திறந்திருக்கும் என்பது முதலில், எந்த நாளில் என்பது அடுத்து, எப்படிப் போவது என்பது அதற்கும் அடுத்து. படுக்கையைக் கடைசியில் பதிவுசெய்தால் போதும்.

1. மாளிகைகளை முதலில் நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, நீங்கள் கேள்விப்பட்ட ஒவ்வொரு மாளிகையின் பெயரையும் அதற்குரிய கட்டத்தில் எழுதுங்கள். அலுப்பான வேலைதான்; ஆனால் பயணத்தின் மற்ற எல்லா முடிவுகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

முதல் வகை, கட்டணம் கட்டி உள்ளே போகக்கூடியவை. க்வெர்ன்ட்ரூப் ஊருக்கு அருகிலுள்ள எகெஸ்கோவ் இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு. நியூபோர்க் நகரில் உள்ள அரச கோட்டையும் இந்த வகையைச் சேர்ந்ததே. ஆனால் அங்கே பல ஆண்டுகளாகப் பெரிய அளவில் புதுப்பிப்பு, விரிவாக்கப் பணிகள் நடந்துவந்திருப்பதால், எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்பதைக் கோட்டையின் சொந்தத் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது வகை, வீடு மூடியிருந்தாலும் தோட்டமோ பூங்காவோ பொதுமக்களுக்குத் திறந்திருப்பவை. லாங்கெலாண்டின் ட்ரானெக்கேர், கிழக்கு ஃபூனில் உள்ள க்ளோரூப் ஆகியவை இப்படிப்பட்டவை. இவற்றில் சில ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். சில கோடைக் காலத்தில், வாரத்தின் குறிப்பிட்ட நாள்களில் மட்டும் திறக்கும்.

மூன்றாவது வகை, தங்கும் விடுதியாகவோ உணவகமாகவோ மாறியவை. தெற்குக் கரையிலுள்ள ஸ்வெண்ட்போர்க் நகருக்கு வடகிழக்கே உள்ள ப்ரோஹோல்மும், மிடில்ஃபார்ட் நகரை ஒட்டிய ஹின்ஸ்கவ்லும் இப்படி நடக்கின்றன. இங்கே நுழைவுச்சீட்டு என்று ஒன்று கிடையாது. அறையோ மேசையோ பதிவுசெய்தவர்தான் உள்ளே போகலாம்.

நான்காவது வகை, சாலையிலிருந்து மட்டும் பார்க்கக்கூடியவை. எண்ணிக்கையில் இதுவே மிகப் பெரியது. 1538-இல் கட்டப்பட்ட ஹெஸ்ஸெலேகர்கோர் கட்டடக்கலையில் ஆர்வமுள்ளவர்கள் கட்டாயம் காண விரும்புவது. ஆயினும் அது தனியார் வீடு.

இந்தப் பிரிவினையில் நடக்கும் பெரிய தவறு, மதிப்புரைத் தளங்களில் நட்சத்திரக் குறிகள் நிறைய இருப்பதைப் பார்த்து "திறந்திருக்கிறது" என்று முடிவுகட்டுவதுதான். அந்த நட்சத்திரங்கள் திருமண விருந்துக்கு வந்தவர்கள் போட்டவையாக இருக்கலாம், சாலையோரம் காரை நிறுத்திப் படம் எடுத்தவர்கள் போட்டவையாகவும் இருக்கலாம். மாளிகையின் சொந்தத் தளத்தில் திறக்கும் நேரம் என்று ஒரு பக்கமே இல்லை என்றால், அதை நான்காவது கட்டத்தில் எழுதிவிடுங்கள்.

2. பிறகு தேதியை முடிவுசெய்யுங்கள்

எகெஸ்கோவ் ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரைதான் வழக்கமான பார்வைக்குத் திறந்திருக்கும். அக்டோபர் நடுவில், ஆண்டின் 42-ஆவது வாரத்தில், டேனிஷ் பள்ளிகளுக்கு இலையுதிர்கால விடுமுறை வரும். பல இடங்கள் அந்த வாரத்தோடு பருவத்தை முடித்துக்கொள்கின்றன. நவம்பரில் வருகிறவர்களுக்கு எஞ்சுவது பூங்காக்களும் தேவாலயங்களும் நகரக் கோட்டைகளும்தான்.

என் பரிந்துரை, மே கடைசி இரு வாரங்கள் அல்லது ஆகஸ்ட் கடைசி இரு வாரங்கள். ஜூலையில் டென்மார்க்கும் ஜெர்மனியும் ஒன்றாக விடுமுறையில் இருப்பதால் எகெஸ்கோவின் வாகன நிறுத்துமிடம் நண்பகலுக்குள் நிரம்பிவிடும். ஆகஸ்டில் அந்தக் கூட்டம் இல்லை. அதற்குப் பதிலாக அறுவடை இயந்திரங்கள் குறுகிய சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு நகரும். அதற்கென்று பயண நேரத்தில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பகல் வெளிச்சத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜூனில் இரவு 10 மணி வாக்கில்தான் சூரியன் மறையும்; டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே இருட்டிவிடும். சாலையிலிருந்து பார்க்கும் மாளிகைகளுக்கு இது பெரிய வேறுபாடு, ஏனென்றால் அவற்றுக்கு இரவில் விளக்கு போடுவதில்லை.

வாரநாளையும் பாருங்கள். திங்கட்கிழமையன்று சிறிய அருங்காட்சியகங்கள் மூடியிருப்பது வழக்கம். விடுதி மாளிகைகள் சனிக்கிழமைகளில் திருமணங்களுக்காக முழுவதுமாக வாடகைக்கு விடப்படுவதுண்டு. கிராமப் பேருந்துகள் பள்ளி நேரத்தை ஒட்டி ஓடுவதால் சனி, ஞாயிறுகளில் மெலிந்துபோகும். எனவே காரில்லாதவர்களுக்குச் செவ்வாய் முதல் வெள்ளி வரையிலான நாள்களே தோதானவை.

3. தங்கும் ஊரை இப்போது தேர்ந்தெடுங்கள்

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் தீவின் பெரிய நகரான ஓடென்சேயில் தங்கலாம். இரண்டு நாளோ அதற்கு மேலோ இருந்தால் ஸ்வெண்ட்போர்க் நல்லது. முக்கியமான மாளிகைகளில் பெரும்பகுதி தீவின் தெற்கிலும் கிழக்கிலும் இருப்பதும், டோசிங்கேக்கும் லாங்கெலாண்டுக்கும் போகும் சாலை அங்கிருந்தே தொடங்குவதும், ஓடென்சேயிலிருந்து வரும் ரயில் பாதை அங்கே முடிவதும் இதற்குக் காரணங்கள். ஒவ்வோர் இரவும் ஓர் ஊர் என்று மாறிக்கொண்டே போவது வீண். ஃபூன் சிறிய தீவு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிராமப் பேருந்தில் ஏறி இறங்கும் அலைச்சலுக்குப் பலனாகக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.

4. போக்குவரத்து: காரா, ரயிலா, மிதிவண்டியா

கோபன்ஹேகனிலிருந்து ஓடென்சேக்கு நேரடி ரயில் உண்டு; ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். டிஎஸ்பி ரயில் நிறுவனம் "ஆரஞ்சு" என்ற பெயரில் விற்கும் மலிவுச் சீட்டை முன்கூட்டியே வாங்கினால் செலவு கணிசமாகக் குறையும். ஆனால் அந்தச் சீட்டு குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். விமானம் தாமதமாகலாம் என்ற நிலையில் இருப்பவர்கள் அதை வாங்கிவிட்டு, பிறகு முழுக் கட்டணத்தில் இன்னொன்றையும் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ஓடென்சேயில் இறங்கி ஸ்வெண்ட்போர்க் ரயிலுக்கு மாற வேண்டும். முக்கால் மணி நேரப் பயணம். க்வெர்ன்ட்ரூப் இந்தப் பாதையில்தான் இருக்கிறது; எகெஸ்கோவுக்கு அங்கேதான் இறங்க வேண்டும்.

ரயில், பேருந்து, படகு ஆகிய மூன்றையும் சேர்த்துக் காட்டும் "ரெய்செபிளானென்" என்ற செயலியை முதலிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். அதில் தேட வேண்டியது போகும் வழியை அல்ல, திரும்பும் வழியை. போவதற்குப் பேருந்து கிடைத்துவிடும். மாலையில் திரும்புவதற்கான கடைசி வண்டி எப்போது என்பதுதான் நாளின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. தேடும்போது நீங்கள் போகவிருக்கும் அதே தேதியைப் போட்டுத் தேடுங்கள். இன்றைய அட்டவணையைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமைக்குத் திட்டமிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

ஃபூன்பஸ் நிறுவனத்தின் பேருந்து இல்லாத நேரங்களுக்கு "ஃப்ளெக்ஸ்டூர்" என்ற பகிர்வு வண்டி உண்டு. அதை முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். நின்ற இடத்திலிருந்து கையைக் காட்டி ஏற முடியாது. கிராமங்களில் டாக்சியை நம்பி நிற்க வேண்டாம்.

கார் எடுப்பவர்கள் சில நடைமுறைகளை அறிந்திருக்க வேண்டும். கோபன்ஹேகன் பக்கமிருந்து வரும்போது, சீலாண்டையும் ஃபூனையும் இணைக்கும் பெரும் பெல்ட் பாலத்துக்குச் சுங்கம் கட்ட வேண்டும். யூலாண்ட் பக்கமிருந்து வரும் சிறு பெல்ட் பாலங்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் கோபன்ஹேகனிலிருந்து வருகிறவர்கள் ரயிலில் ஓடென்சே வரை வந்து அங்கே கார் எடுப்பது பெரும்பாலும் சிக்கனம். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். ஊருக்கு வெளியே பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர், ஊருக்குள் 50. வண்டி நிறுத்திய நேரத்தைக் காட்டும் நீல நிற வட்டு முன்கண்ணாடியில் இருக்கிறதா என்று வாடகைக்கு எடுக்கும்போதே பாருங்கள். அது இல்லாமல் நேரக் கட்டுப்பாடுள்ள இடத்தில் நிறுத்தினால் அபராதம் வரும்.

சாலையில் இரண்டு பழுப்பு நிறக் குறிகளைக் கவனித்துக்கொண்டே போங்கள். நான்கு மூலைகளிலும் சுருள் போட்ட சதுரம், பார்க்கத்தக்க இடம் அருகில் இருப்பதைச் சொல்கிறது. வெள்ளை இதழ்களுள்ள சிறு பூ, 1991-இல் தொடங்கப்பட்ட மார்கரீட் சாலைச் சுற்றைக் குறிக்கிறது. இந்தச் சுற்று நெடுஞ்சாலைகளை விட்டு விலகி மாளிகைகளும் காடுகளும் உள்ள சிறு சாலைகள் வழியாகப் போவதால், வழிகாட்டிச் செயலியை அணைத்துவிட்டு அந்தப் பூவைத் தொடர்வது நல்ல முறை. செயலி எப்போதும் குறுகிய வழியைத் தேடும். அந்தக் குறுகிய வழி சில நேரம் ஒரு பண்ணையின் பின்வாசலில் கொண்டுபோய் விடும்.

மிதிவண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. டென்மார்க் தட்டையான நாடு என்று நம்பி வருகிறவர்களுக்கு ஃபோபோர்க் நகரைச் சுற்றியுள்ள குன்றுகள் மூச்சு வாங்க வைக்கும். அங்கே ஒரு நாளைக்கு இரண்டு மாளிகைக்கு மேல் வைக்காதீர்கள்.

5. கையில் இருக்க வேண்டியவை

காற்று, மழை இரண்டையும் தடுக்கும் மேலங்கி, ஈரப் புல்லில் நடக்கத்தக்க காலணி, தண்ணீர், மதிய உணவு. மாளிகைகளில் உள்ள சிற்றுண்டிச் சாலைகள் பருவத்துக்கு வெளியே மூடியிருக்கும். திறந்திருந்தாலும் கம்பு ரொட்டியின் மேல் மீனோ இறைச்சியோ வைத்துத் தருவதுதான் அதிகம். சைவ உணவுக்காரர்கள் காலையிலேயே நகரத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு போவது நல்லது.

டென்மார்க்கில் எங்கும் வங்கி அட்டையே செல்லும் என்பது உண்மைதான். இருந்தாலும் 10, 20 குரோன் நாணயங்கள் சிலவற்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பண்ணைகளின் வாசலில், சாலையோரமாக, மரப்பலகைத் தட்டு ஒன்று நிற்கும். அதில் ஸ்ட்ராபெரிப் பெட்டிகளும் புது உருளைக்கிழங்குப் பைகளும் தேன் புட்டிகளும் விலை எழுதி வைக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் காசு போட ஒரு பூட்டிய தகரப் பெட்டி. விற்க ஆள் கிடையாது. உள்ளூர்க்காரர்கள் "மொபைல்பே" செயலியில் கட்டிவிடுவார்கள். டென்மார்க்கில் வங்கிக் கணக்கு இல்லாத பயணிக்கு நாணயம்தான் வழி.

ஊர்ப்பெயர்களையும் மாளிகைப் பெயர்களையும் டேனிஷ் எழுத்தில் கைப்பேசியில் குறித்து வையுங்கள். எழுத்தைப் பார்த்து நாம் உச்சரிப்பதும் பேருந்து ஓட்டுநர் உச்சரிப்பதும் ஒத்துப்போகாது, காட்டுவது எளிது.

6. எகெஸ்கோவ்: எந்த வரிசையில் பார்ப்பது

க்வெர்ன்ட்ரூப் நிலையத்திலிருந்து கோட்டை மேற்கே சுமார் 2 கிலோமீட்டர். பேருந்து கிடைக்கவில்லை என்றால் அரை மணி நேரம் நடந்தால் போதும். அங்கே ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். மதியம் வந்து இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள், கட்டிய கட்டணத்தில் பாதியைக்கூடப் பயன்படுத்தாமல் வெளியேறுகிறார்கள்.

வாயில் திறந்ததும் தோட்டத்தில் நிற்காமல் நேராகக் கோட்டைக்குள் போய்விடுங்கள். உள்ளே படிகளும் நடைவழிகளும் குறுகலானவை. சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேர்ந்த பிறகு ஒவ்வோர் அறை வாசலிலும் வரிசை நிற்கும். தோட்டம் எத்தனை பேர் வந்தாலும் தாங்கும், கோட்டை தாங்காது. படியேற முடியாதவர்கள் உடன் வந்தால், அவர்கள் கீழ்த் தளத்தையும் தோட்டத்தையும் பார்ப்பதாக முன்பே பேசி, சந்திக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போகும் முன் பாலத்தில் ஒரு நிமிடம் நின்று கட்டடத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டால், பின்னால் குழப்பம் வராது. 1554-இல் கட்டி முடிக்கப்பட்ட இது, ஏரியின் நடுவே ஓக் மரத் தூண்களின் மேல் நிற்கும் இரண்டு நீள வீடுகள். இரண்டையும் ஒரு தடித்த இரட்டைச் சுவர் பிரிக்கிறது. எதிரி ஒரு வீட்டைப் பிடித்துவிட்டால் மற்ற வீட்டுக்குப் பின்வாங்கிப் போரிடலாம் என்பதற்காக அப்படிக் கட்டினார்கள். மறைவான படிக்கட்டும் கிணறும் அந்தச் சுவருக்குள்ளேயே வைக்கப்பட்டுள்ளன. இதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு, அறையிலிருந்து அறைக்குப் போகும்போது திடீரென்று ஆழமாகும் கதவு வழி எதற்கென்று புரியும். தெரியாதவர் அதைக் கடந்து போய்விடுவார்.

கோட்டைக்குள் அதிக நேரம் கொடுக்க வேண்டியவை இரண்டு. ஒன்று டைட்டானியாவின் அரண்மனை என்ற பொம்மை வீடு. ஆயிரக்கணக்கான நுண்பொருள்கள் கொண்ட இதைச் செய்து முடிக்க 1907 முதல் 1922 வரை ஆயிற்று. பிள்ளைகள் உயரத்தில் பார்க்க வசதியான பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நில்லுங்கள். மற்றொன்று மேல்மாடத்தில், கூம்பின் அடியில் கிடக்கும் "மரமனிதன்" என்ற மரப்பொம்மை. அதை இடம் மாற்றினால் கிறிஸ்துமஸ் இரவில் கோட்டை ஏரிக்குள் அமிழ்ந்துவிடும் என்பது அங்குள்ள நம்பிக்கை. மாடம் வரை ஏறாமல் பாதியில் திரும்புகிறவர்கள் கூரையைத் தாங்கும் மரச்சட்டங்களையும் சேர்த்துத் தவறவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அறைகளின் தட்டுமுட்டுகளைவிட அந்தச் சட்டங்களே பார்க்கத்தக்கவை.

அதன் பிறகு தோட்டம். பழைய கார்களும் விமானங்களும் வைத்திருக்கும் வாகன அருங்காட்சியகத்தை மழைக்காக மிச்சம் வையுங்கள். ஃபூனில் மழை அரை மணி பெய்து நிற்கும் பழக்கமுடையது. கூரையுள்ள இடங்களை எல்லாம் காலையிலேயே தீர்த்துவிட்டவர்கள் அந்த நேரத்தில் மரத்தடியில் நிற்க வேண்டியதுதான். டேனிஷ் கவிஞரும் கணிதவியலாளருமான பியட் ஹைன் வடிவமைத்த மூங்கில் புதிர்ப்பாதையைப் பிள்ளைகளுக்குக் கடைசிப் பரிசாக வையுங்கள். முதலில் காட்டிவிட்டால் வேறெதற்கும் அவர்கள் வர மாட்டார்கள்.

சீட்டில் எதெல்லாம் அடங்கும் என்பதை வாங்கும்போதே கேளுங்கள். பூங்காவுக்கும் கோட்டை உட்புறத்துக்கும் தனித்தனிக் கட்டணம் உண்டா என்பது பருவத்துக்குப் பருவம் மாறலாம்.

7. டோசிங்கே: படகில் போய்ச் சாலையில் திரும்புங்கள்

ஸ்வெண்ட்போர்க் துறைமுகத்திலிருந்து கோடைக் காலத்தில் ஹெல்கே என்ற பழைய பயணிகள் கப்பல் புறப்படுகிறது. 1924-இல் கட்டப்பட்ட இது, த்ரூன்சே கிராமத்தில் நின்று வால்டெமார் மாளிகையின் படகுத்துறை வரை போகும். மாளிகை கடலை நோக்கித் திட்டமிடப்பட்டதால் கடல் வழியாக வந்தால்தான் அதன் அமைப்பு விளங்கும்: கரையில் தேநீர் மண்டபம், நடுவில் நீர்நிலை, இரு பக்கமும் துணைக்கட்டடங்கள், கடைசியில் பெரிய வீடு. சாலை வழியாக வருகிறவர் இதைப் பக்கவாட்டில் வெட்டிக்கொண்டு நுழைகிறார்.

நான்காம் கிறிஸ்டியன் மன்னர் தம் மகன் வால்டெமாருக்காக 1639 முதல் 1644 வரை இதைக் கட்டுவித்தார். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் டேனியர் கால் ஊன்றியதும் இதே மன்னரின் ஆட்சியில்தான். தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்தவர்கள் கட்டட முறையை ஒப்பிட்டுக்கொள்ளலாம். பிறகு வால்டெமார் மாளிகை கடற்படைத் தளபதி நீல்ஸ் யூல் கைக்கு வந்தது.

வீட்டுக்குள் அனுமதி ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. அதனால் உள்ளே போவதை நம்பி இந்த நாளைத் திட்டமிடாதீர்கள். அனுமதி இருந்தால் கூடுதல் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெல்கே ஒரு நாளில் சில முறைதான் ஓடும். படகில் திரும்பும் திட்டம் வைத்தால் மொத்தப் பகலும் அதன் நேரத்துக்குக் கட்டுப்பட்டுவிடும். மாளிகையிலிருந்து த்ரூன்சேக்கு நடந்து, பழைய கப்பல் தலைவர்களின் வீடுகளைப் பார்த்துவிட்டு, சாலை வழியே திரும்புவது நல்லது. நேரமிருந்தால் பிரெக்னிங்கே தேவாலயக் கோபுரத்தில் ஏறுங்கள். நீங்கள் போய் வந்த இடங்களும் போகவிருக்கும் லாங்கெலாண்டும் அங்கிருந்து நிலப்படம் போலத் தெரியும்.

8. லாங்கெலாண்ட்: ட்ரானெக்கேர்

டோசிங்கேயிலிருந்து சியோ என்ற சிறு தீவைக் கடந்து, 1962-இல் திறக்கப்பட்ட பாலம் வழியாக ருட்கோபிங் நகருக்குள் நுழைகிறோம். அங்கிருந்து வடக்கே சுமார் 12 கிலோமீட்டரில், குன்றின் மேல் சிவப்பு நிறத்தில் ட்ரானெக்கேர் கோட்டை நிற்கும். டென்மார்க்கில் தொடர்ந்து குடியிருப்பாக இருந்துவரும் மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று. இன்றும் வீடுதான், வாசலைத் தட்ட முடியாது.

ஆனால் கீழே ஏரியைச் சுற்றிய பூங்காவில் 1993 முதல் டிக்கோன் என்ற கலை நிகழ்வெளி இருக்கிறது. ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி, டேவிட் நாஷ் போன்ற கலைஞர்கள் மரம், கல், மண், கிளை முதலியவற்றால் அங்கேயே செய்த படைப்புகள் காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. அவை இயற்கையோடு சிதைந்துபோக வேண்டும் என்பதே திட்டம். ஆகவே பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினால், சில இடங்களில் பாசி படிந்த ஒரு மேடுதான் மிஞ்சியிருக்கும். நுழைவில் உள்ள பலகையின் வரைபடத்தைப் படமெடுத்து அதன்படி போங்கள்.

ஏரியைச் சுற்றி முழுவதும் நடக்க வேண்டும். கோட்டையின் நல்ல தோற்றம் எதிர்க்கரையிலிருந்துதான் கிடைக்கிறது. வாயிலருகே நின்று படமெடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு அது தெரிவதே இல்லை. இங்கே பேருந்தில் வருகிறவர்கள் திரும்பும் நேரத்தை இரண்டு முறை பாருங்கள்.

9. சாலையிலிருந்து பார்ப்பவை: எவ்வளவு தூரம் போகலாம்

புதியவர்கள் மிகவும் தயங்குவதும், சில நேரம் எல்லை மீறுவதும் இங்கேதான். டேனிஷ் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் தனியார் காடுகளிலும் நடக்க அனுமதி தருகிறது, ஆனால் நிபந்தனைகளோடு. பகல் வெளிச்சத்தில் மட்டும், போடப்பட்ட பாதைகளில் மட்டும் நடக்கலாம். குடியிருப்பு, பண்ணைக் கட்டடங்களிலிருந்து 150 மீட்டருக்குள் உட்கார்ந்து தங்கக் கூடாது. நாயைக் கயிற்றில் பிடிக்க வேண்டும். ஆக, பாதை மாளிகையின் அருகே போனால் கடந்து போகலாம். அங்கே விரிப்பை விரித்து மதிய உணவைத் திறக்கக் கூடாது.

"ப்ரிவாத்" அல்லது "அட்கேங் ஃபோர்புட்" என்ற சொற்கள் பலகையில் இருந்தால் அதற்கு மேல் போகக் கூடாது என்று பொருள். "ஜாக்ட்" என்று இருந்தால் வேட்டை நடக்கிறது. இலையுதிர், குளிர் மாதங்களில் இதைக் கண்டால் அந்தக் காட்டை விட்டுவிடுங்கள். மரங்கள் வரிசையாக நிற்கும் சாலை மாளிகையின் முற்றத்தில் போய் முடிந்தால், அது அநேகமாகத் தனி வழி. அந்த வழியின் தொடக்கத்திலேயே காரை நிறுத்திவிட்டு, பொதுச்சாலை எங்கே வளைகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் வயலின் மறுபக்கத்திலிருந்து வீடு நன்றாகத் தெரியும்.

ஹெஸ்ஸெலேகர்கோரில் இதைப் பழகிப் பார்க்கலாம். அரசவைத் தலைவர் யோஹான் ஃப்ரீஸ் கட்டிய அந்த வீட்டின் முகட்டுச் சுவர்கள், வெனிஸ் நகரப் பாணியில் அரைவட்டங்களாக வளைந்து முடிகின்றன. தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். ஒரு தொலைநோக்கி இருந்தால் இன்னும் நல்லது. அதே பகுதியில் டாமெஸ்டேனென் என்ற பாறை கிடக்கிறது. பனியாறு கொண்டுவந்து போட்ட கற்களில் டென்மார்க்கிலேயே பெரியது, எடை சுமார் 1000 டன். மாளிகையின் வாயிலில் ஏமாந்த பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால் சமாதானம் ஆவார்கள்.

ஆளில்லா விமானக் கேமராவை வீடுகளின் மேல் பறக்கவிட வேண்டாம். சன்னல்களைக் குறிவைத்துப் படமெடுக்கவும் வேண்டாம். உள்ளே ஒரு குடும்பம் காலையுணவு உண்டுகொண்டிருக்கலாம்.

10. விடுதி மாளிகையில் ஒரு வேளை உணவு

ஓர் இரவு தங்கும் செலவு பலருக்குக் கட்டாது. மதிய உணவுக்கோ மாலைக் காபிக்கோ மேசை தருகிறார்களா என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் போதும். முன்பதிவு இல்லாமல் போனால் வரவேற்பறையோடு நிற்க வேண்டியிருக்கும். பதிவுசெய்யும்போதே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: அன்று வேறு விருந்து உண்டா, அறைகளைச் சுற்றிப் பார்க்கலாமா, சைவம் செய்து தருவார்களா. ப்ரோஹோல்மில் 19-ஆம் நூற்றாண்டில் அந்த வீட்டு உரிமையாளர் செஹெஸ்டெட் அகழ்ந்து சேர்த்த தொல்பொருள் தொகுப்பு உண்டு. அதைப் பார்க்க முடியுமா என்பதையும் தனியாகக் கேட்க வேண்டும்.

11. வாயில் மூடியிருந்தால்

எல்லாம் சரிபார்த்துப் போயும் மூடியிருக்கும் நாள்கள் வரும். அப்போது அந்த மாளிகைக்கு உரிய ஊர்த் தேவாலயத்தைத் தேடுங்கள். பண்ணை உரிமையாளர்கள் தங்கள் கல்லறை மண்டபம், குடும்பச் சின்னம், தனி இருக்கை எல்லாவற்றையும் அங்கேதான் வைத்தார்கள். தேவாலயங்கள் பகலில் பெரும்பாலும் திறந்திருக்கும், கட்டணமும் இல்லை. ஃபோபோர்க் அருகே ஹோர்னேயில் உள்ளது ஃபூனின் ஒரே வட்டத் தேவாலயம். ஹ்வெட்ஹோல்ம் மாளிகைப் பிரபுவின் உயர்ந்த இருக்கை மாடம் அதற்குள் இருக்கிறது. கோரிந்த் அருகே உள்ள ப்ராஹெட்ரோலெபோர்க் மாளிகை 1172-இல் நிறுவப்பட்ட சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவியரின் மடத்திலிருந்து உருவானது. மடத்தின் கோயில் இன்று ஊர்க்கோயிலாக இருக்கிறது.

ஞாயிறு முற்பகலில் வழிபாடும், சனிக்கிழமைகளில் திருமணமும் நடக்கும். கதவருகே உள்ள அறிவிப்பைப் படித்துவிட்டு நுழையுங்கள். நியூபோர்க் கோட்டை மூடியிருந்தால், அதைச் சுற்றிய மண் அரணிலும் அகழிக் கரையிலும் நடந்து, லாண்ட்போர்ட்டன் என்ற பழைய நகரவாயில் வரை போய் வரலாம். ரயில் நிலையத்துக்குத் திரும்ப நடை தூரம்தான்.